லோர்னா சொன்ன முகவரி

லோர்னா ஹெகன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமாகச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தவள். மகள் டெசா மழலையர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வந்தாள். மதியம் சின்னப் பிள்ளைகளுக்குப் பால் டப்பா திறந்து கொடுப்பாள். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுவாள். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை திறந்தாள். மழலையர் வகுப்பின் கூரை ஒழுகி, பிள்ளைகள் வாளியைச் சுற்றி உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக் குழுவோ கால்பந்து மைதானத்துக்குப் புது விளக்குகள் போட முடிவெடுத்திருந்தது.

"லைட்டு ஒரு வருஷம் பொறுக்கும். கூரை பொறுக்காது" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போகும் ஊர் இது. பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். மீதிப் பேர் அவளைப் பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்க வைத்தார்கள்.

மார்ச் மாதம் அவள் வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த தேர்தல் பலகைகளை யாரோ குறுக்கே அறுத்துப் போட்டார்கள். தொலைபேசி அடிக்கும், எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு தபால் பெட்டியில் தபால்தலை ஒட்டாத ஒரு கடிதம் கிடந்தது. "பதினோராம் நம்பர் பஸ். மூன்று நாற்பது. சிவப்புத் தொப்பி." அவ்வளவுதான். டெசா அந்த பஸ்ஸில்தான், அந்த நேரத்தில்தான், அந்தத் தொப்பியோடுதான் வந்து இறங்குவாள்.

காவல் அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். இதில் மிரட்டல் எதுவும் இல்லை, மூன்று உண்மைகள்தான் இருக்கின்றன என்று தன்மையாகவே சொன்னார்.

லோர்னா நேராகக் கடைக்குப் போனாள். நீலத் தொப்பி ஒன்று வாங்கி வந்தாள். டெசா போட மறுத்துவிட்டாள். பால் லாரி ஓட்டும் கணவன் கர்ட், விலகிவிடச் சொன்னான். அவள் பெயரோடு வாக்குச் சீட்டு அச்சாகிவிட்டது. ஆனாலும் வேட்பாளர் கூட்டத்தில் விலகுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள்.

கூட்டம் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மைக் முன்னால் நிற்பவர் யாரானாலும் முதலில் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மூன்று நிமிடம். எல்லோருக்கும் எல்லோர் வீடும் தெரியும். இருந்தும் அதுதான் முறை. செயலர் வெல்டா கிராஸ் தன் சொந்த அண்ணனைக்கூட விட்டதில்லை.

நான் பின்வரிசையில் இருந்தேன். லோர்னா எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள், எந்தக் கை எழுதியது என்று தேடுவதுபோல.

"லோர்னா ஹெகன்" என்றாள். "நானூத்திப் பன்னெண்டு, ஃபெரி சாலை."

அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் அக்கா வீடு. அன்று டெசாவை அங்கேதான் விட்டு வந்திருந்தாள். வாயில் தானாக வந்துவிட்டது.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு எங்க பள்ளிக்கூடத்துல என்னம்மா நாட்டாமை?" என்று ஒருவர் கேட்க, கூடம் சிரித்தது.

வெல்டா சிரிக்கவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். "லோர்னா, ஃபெரி சாலை நம்ம பள்ளிக்கூட எல்லையில இல்ல. நீ அங்க குடியிருக்கேன்னு நான் எழுதினா, நீ வேட்பாளரே இல்ல. எழுதட்டுமா?"

தப்பிக்கக் கதவு திறந்தே கிடந்தது. அவள் ஆமாம் என்றால் போதும். விலகுகிறேன் என்று தன் வாயால் சொல்லக்கூட வேண்டாம். மூன்றாவது வரிசையில் கர்ட், ஆமாம் சொல்லிவிடு என்பதுபோல மெல்லத் தலையாட்டினான். லோர்னா மைக்கின் தண்டைப் பிடித்திருந்தாள்.

"எழுதாதீங்க. பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்." வெல்டாவை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க தபால் பெட்டியில ஒருத்தர் என் பொண்ணப் பத்தி எழுதிப் போட்டிருக்கார். அவருக்கு வீடு தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். எழுபத்தாறு, குவாரி தெரு."

யாரும் சிரிக்கவில்லை. வெல்டா நிதானமாக எழுதி முடித்தாள். "உன் மூணு நிமிஷம் இப்பதான் ஆரம்பிக்குது" என்றாள்.

லோர்னா கூரையைப் பற்றித்தான் பேசினாள். குரல் நடுங்கியதில் பாதி வார்த்தைகள் எங்களுக்குப் புரியவில்லை. முழு மூன்று நிமிடமும் பேசினாள்.

பிறகு நடந்தது அவள் எனக்குச் சொன்னது. காரில் ஏறியதும் கர்ட் கதவுகளைப் பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"நான் தலையாட்டினேனே, பாக்கலையா?"

"பாத்தேன்."

தேர்தல் முடியும்வரை டெசா அக்கா வீட்டிலேயே இருக்கட்டுமா என்று கேட்டான். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பிள்ளை ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. லோர்னா சரியென்று தலையசைத்தாள். பிள்ளையின் துணிகளை எடுத்துவர அவன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.