மத்தியானத்தில் பிரிந்த ஊசி

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ரௌதா சொன்னதையும் வஜ்தி சொன்னதையும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இத்தனைக்கும் இன்று அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை.

துனிஸ் நகரில் வஜ்தி வைத்திருந்த பச்சை குத்தும் கடையில் ரௌதா தொழில் பழகிக்கொண்டிருந்தாள். மனிதத் தோலில் இன்னும் கை வைத்ததில்லை. ரப்பர் தோலில்தான் பயிற்சி. மெல்லிய கோட்டுக்கு மூன்று முனை ஊசி, நிழலுக்கு அகல ஊசி என்று பார்த்து எடுக்கக் கற்றுவிட்டாள். வஜ்தி ஓயாமல் சொல்வது ஒன்றுதான். உறை பிரியாத ஊசியா என்று பார். ஒரு ஊசி ஒரே ஆளுக்கு. முடிந்ததும் மஞ்சள் டப்பாவில் போடு. தவறினால் ஒருவரின் ரத்தத்தில் உள்ள நோய் அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்படிச் சொன்னவன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் சாப்பிடப் போவார்கள். திரும்பி வந்தால் ஒரு மூன்று முனை ஊசியின் உறை பிரிந்திருக்கும். ஊசி மேசைமேல் கிடக்கும். நுனியில் மை... மையோடு சிவப்பு.

ஒரு நாள் என்றால் போகட்டும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சாவி இருந்தது இருவரிடம் மட்டும். திருட்டுத்தனமாக யாருக்கோ குத்துகிறானோ? அதே ஊசியைத் தன் கையிலும் கொடுத்துவிட்டால்? அடுத்த வாரம் அவள் முதன்முதலாகக் குத்தப்போவது தன் தங்கைக்கு.

கேட்டேவிட்டாள்.

“அண்ணே, மத்தியானத்துல யாருக்குக் குத்துறீங்க?”

வஜ்தியின் முகம் சிறுத்தது. “நான் உன்னைத்தான் நினைச்சேன். ரப்பர் அலுத்துப்போய் யாரையோ கூட்டிட்டு வர்றேன்னு.”

அன்று இருவரும் எங்கும் போகவில்லை. கடையைப் பூட்டினார்கள். எதிரே லப்லாபி என்ற கொண்டைக்கடலைச் சூப் விற்கும் கடையில் இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பட்டப்பகல். தெரு நிறைய ஆட்கள். கிண்ணத்தில் கொண்டைக்கடலை ஆறிப்போனது.

ர்ர்ர்ர்...

பச்சை குத்தும் இயந்திரம்.

பூட்டிய கடைக்குள்ளிருந்து.

நின்றது. மறுபடி... ர்ர்ர்ர்...

ஓடிப்போய்த் திறந்தார்கள்.

யாருமில்லை.

பின்வாசல் இல்லாத கடை அது. இயந்திரத்தின் மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடந்தது. இயந்திரத்தைத் தொட்டான் வஜ்தி.

சூடாக இருந்தது.

அன்றே கடையை மூடிவிட்டான். ஏதோ தந்திரம் செய்தது அவள்தான் என்று அவன் நினைத்தான். அவன்தான் என்று அவள் நினைத்தாள். தங்கையிடம் குத்த முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் ரௌதா பொதுக் குளியல் கூடத்துக்குப் போனாள். அங்கே உடம்பு தேய்த்துவிடும் மப்ரூக்கா அவள் முதுகில் கை வைத்தாள்.

சட்டென்று எடுத்துவிட்டாள்.

“இதுமேல எப்படிடியம்மா தேய்க்கிறது?”

“எதுமேல?”

தோள்பட்டைகளுக்கு நடுவே... வரிசையாகக் கோடுகள். மை ஏறிய கோடுகள். கோணல்மாணலாக, கை பழகாதவர் குத்தியவைபோல. மேலே உள்ளவை ஆறிப் பொருக்கு உதிர்ந்திருந்தன. கீழே வர வரப் புதியவை.

“கடைசிக் கோடு இன்னும் கசியுதே. இன்னைக்கா குத்தினே?”

கடை மூடி அன்றோடு பத்து நாள்.