பூட்டியிருந்த போனில் ஓர் அம்மா

போன வருடம் கந்த சஷ்டி சமயம், சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு வந்து கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞர் திடீரென்று சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை.

கடைக்கார அண்ணன் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். இவருக்கு ஏதாவது வியாதி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்களாம். யாருக்குத் தெரியும்? தனியாக வந்தவர். அவருடைய போன் கீழே கிடந்தது, அதுவும் பூட்டியிருந்தது.

"சைடு பட்டன அழுத்திப் பேசுனா அதுவே கால் பண்ணும்லா, பேசிப் பாரும்மா" என்றார் அண்ணன்.

போனோடு பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும். வெளியே மழையா என்று என் மகள் அதனிடம் கேட்டால், "ஜன்னலத் தொறந்து பாரேன்" என்று கிண்டல் செய்வேன். அன்றைக்கு நானே பட்டனை அழுத்தி "கால் வொய்ஃப்" என்றேன். அப்படி யாரும் இல்லையாம். "கால் அண்ணா." அதுவும் இல்லை. "கால் அம்மா" என்றதும் மணி அடித்தது.

"சொல்லுப்பா, கோயிலுக்குப் போனியா?" என்றது ஒரு பெண்குரல். பேச்சிலேயே தெரிந்தது, தமிழ்நாட்டிலிருந்து பேசுகிறார்.

மகன் தரையில் கிடக்கிறான் என்று எப்படிச் சொல்வது? "அம்மா, உங்க பையன் போனக் கடையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். சொல்லிவிட்டு அதே மூச்சில், "அவருக்கு உடம்புக்கு ஏதாச்சும் இருக்காம்மா? மருந்து எடுக்குறாரா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

கேட்ட பிறகுதான், பொய் பிடிபட்டுவிட்டது என்று புரிந்தது.

"சக்கரைம்மா. ஊசி போட்டுக்கிறான். வேணாம்னு சொல்லியும் கேக்காம விரதம் இருக்கான்" என்றார். பிறகு, "நான் வச்சிடுறேன். நீங்க அவனப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் அதை அப்படியே சொன்னேன். விரலில் குத்திச் சோதித்து, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதென்று உடனே கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து வெண்டைக்காய்ப் பையைத் தேடினார். மறுபடியும் "கால் அம்மா" என்று சொல்லி, போனை அவர் காதில் வைத்தேன். முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கேன்" என்றார் மகன். அந்த அம்மா அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

தன் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அவனைக் கவனிக்க எங்களுக்கு நேரம் விட்டுப் போனை வைத்தாரே, அதன்பிறகு அந்த வீட்டில் அவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.