பன்னிரண்டு மணிக்குள் முடியும் வகுப்பு

சென்னய்யா குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. அருப்புக்கோட்டையில் இது தெரியாத ஆள் இருந்தால், அவர் இன்றைக்குக் காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். துக்க வீட்டில், போனவர் எதனால் போனார் என்று விசாரித்துவிட்டு, "நான் விட்டு ஏழு வருசமாச்சு" என்பார். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாவி சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே முழுவதையும் கேட்டுவிட்டுப் போனான்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே மாடியில் ஒரு ஹால். அமாவாசைதோறும் காலை பத்தரை மணிக்கு அங்கே சென்னய்யாவின் மது மறப்புப் பயிற்சி வகுப்பு நடக்கும். பிட் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது நான்தான். பெயருக்குக் கீழே 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று போடச் சொன்னார், போட்டேன். 'மன உறுதி ஒன்றினாலேயே மதுவை வென்றவர்' என்று போடச் சொன்னார், அதையும் போட்டேன். மதுரையில் ஒரு டாக்டர் ஸ்கேனைத் தூக்கிக் காட்டி, இன்னும் ஒரு வருடம் இப்படிக் குடித்தால் அடுத்த ஸ்கேனுக்கு நீங்கள் வரவேண்டி இருக்காது என்று சொன்னதைப் போடச் சொல்லவில்லை. எனக்கும் போட்டதற்குத்தான் கூலி.

அமாவாசையை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அன்றைக்குத் தறி ஓடாது. கைத்தறிக் காலத்து வழக்கம், விசைத்தறி வந்த பிறகும் விட்டுப்போகவில்லை. மாதம் முழுவதும் தடதடவென்று கிடக்கும் தெருக்கள் அன்று ஒருநாள் வாயை மூடிக்கொள்ளும். தறிக்காரர்களைக் கையோடு பிடிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் அமாவாசைக்கு வீட்டில் படையல் உண்டு, நேரத்துக்குப் போகவேண்டும் என்று சென்னய்யா வகுப்பைப் பதினொன்றே முக்காலுக்கு முடித்துவிடுவார். அரசாங்க மதுக்கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. ஹாலிலிருந்து அங்கே போக நடந்தால் பத்து நிமிடம். இது வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சென்னய்யாவுக்கு மட்டும் உறைத்ததே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பதுதான் பெரிய கொடுமை. மூச்சுப் பயிற்சி பத்து நிமிடம், உறுதிமொழி ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் தன்னுடைய வீழ்ச்சியின் கதை. மைக் வைத்துப் பேசுவதால் கடையில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் கேட்கும்.

"திருச்சுழி. ஐப்பசி மாசம். மழை ஊத்துது. நம்ம சீமைல மழை பெய்யுறதே வருசத்துல நாலு நாளு, அதுல ஒரு நாளு அது. கண்மாய்க் கரையோரம் ஒரு மோட்டார் ரூமு. நாலு கூட்டாளிக. கரிசல் மண்ணு நனைஞ்சு வாசம் கிளம்புது. சட்டில நாட்டுக்கோழி, மிளகு தூக்கலா. சட்டியில இருந்து அப்பத்தான் அரிச்சு எடுத்த சேவு, கைல வச்சா சுடும். முதல் கிளாஸ ஊத்துறேன்..."

இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார். மேலே இருபது பேர் எச்சில் விழுங்குவார்கள் என்பது என் எண்ணம். அதன் பிறகு, "அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் என் அழிவு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மழைக்கு அரைமணி நேரம், அழிவுக்கு அரை நிமிடம். எனக்கு அல்சர். குடித்த ஆள் இல்லை, குடிக்கவும் முடியாது. எனக்கே அந்தக் கதையைக் கேட்டால் நாக்கில் என்னமோ செய்யும்.

சௌந்தர் இந்த வகுப்பில் சேர்ந்தது தை அமாவாசைக்கு. பாளையம்பட்டிக்காரன், தறி ஓட்டுகிறவன். குடியை நிறுத்த ஏற்கெனவே கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தவன். மூன்று மாதத்துக்கு என்று வேண்டிக் கட்டினார்கள். மூன்று மாதமும் சுத்தமாக இருந்தான். கயிறு அவிழ்த்த அன்றைக்கு மூன்று மாதப் பாக்கியையும் ஒரே நாளில் தீர்த்தான். பிறகு அவன் மனைவி பானுப்பிரியாவே என் நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவனைச் சென்னய்யாவிடம் கூட்டிவந்து விட்டாள்.

மாசி அமாவாசை முடிந்த மறுநாள் அவள் என் கடைக்கு வந்தாள். மகள் தேவிபிரியாவின் ஆதார் கார்டு, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றிலும் இரண்டு காப்பி கேட்டாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"டி.சி. வாங்கப் போறேண்ணே. பரளச்சில எங்கம்மா வீட்டுல இருந்து படிக்கட்டும். நானும் போறேன்."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"வர்ற அமாவாசை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் குடிச்சிட்டு வந்தாருன்னா மறுநாள் காலைல கிளம்பிருவேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன். நீங்களே சொல்லுங்க, மாசம் பூரா குடிக்காமத்தாண்ணே இருக்காரு. தறிக்குப் போறாரு, வாராரு. இந்த கிளாஸுக்குப் போற அன்னைக்குத்தான் குடிக்காரு. தைக்கும் அதான், மாசிக்கும் அதான்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. இரண்டு அமாவாசையும் மாடிப்படி இறங்கிய சௌந்தரை அவன் கூட்டாளி அருஞ்சுனை என் கடை வாசலில் பைக்கோடு காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு அடுத்த மாத நோட்டீஸை வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மாதம் இருநூறு நோட்டீஸ் ஆர்டர், அதனால் வாய் திறக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்தவரைக் கிண்டல் பண்ணினால் அது நியாயம் இல்லை.

"நீ சென்னய்யா சம்சாரத்தப் போய்ப் பாரும்மா. இங்க சொன்னத அப்படியே அங்க சொல்லு" என்றேன்.

சென்னய்யாவின் மனைவி வெங்கடம்மாள் அதுவரை அந்த வகுப்புப் பக்கம் வந்ததே இல்லை. அமாவாசையன்று அந்த அம்மா அடுப்படியில் படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இவர் ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. சென்னய்யா ஊருக்குப் பேசுவது தமிழில், வீட்டில் திட்டு வாங்குவது தெலுங்கில்.

பங்குனி அமாவாசை வந்தது. பதினொரு மணிக்கு வெங்கடம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் டீ கேன். பின்னால் தம்ளர் அடுக்கிய வாளியோடு பானுப்பிரியா. இருவரும் படியேறினார்கள். வாசலில் அருஞ்சுனை வழக்கம்போல பைக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் மேலே போனேன்.

மனைவியைப் பார்த்ததும் சென்னய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் வெற்றிக்குப் பின்னால இருந்தவுக இவுகதான்" என்று மைக்கில் அறிவித்துக் கைதட்டச் சொன்னார். அந்த உற்சாகத்தில் அன்றைக்குக் கதை இன்னும் நன்றாக வந்தது. மழையில் இடி சேர்ந்தது. கோழிக்கு நல்லெண்ணெய் சேர்ந்தது. முன்வரிசையில் சௌந்தர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். அவன் கால் ஒன்று வாசல் பக்கம் திரும்பியிருந்தது. சுவரோரம் நின்ற பானுப்பிரியா கதையைக் கேட்கவில்லை, அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கிளாஸ ஊத்துறேன்..." என்று சென்னய்யா நிறுத்தினார்.

"செத்த அந்த மைக்கக் குடுங்க" என்றார் வெங்கடம்மாள்.

நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். வெங்கடம்மாள் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். வழக்கமாகத் தெலுங்கில் நடக்கிற விசாரணை, அன்றைக்கு எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழில் நடந்தது.

"அவுக மழைய நல்லாச் சொன்னாக. நானும் அன்னைக்கு அந்த மழைலதான் நின்னேன். மீதிய நான் சொல்லிர்றேன். அன்னைக்கு நாங்க திருச்சுழி போனது எங்க மக தீபலட்சுமிக்கு முடி இறக்க. பத்து மாசப் பிள்ள. முடி எறக்கியாச்சு. தலைல தடவச் சந்தனம் கொண்டுவர மறந்துட்டோம். 'நீ பஸ் ஸ்டாண்டுல நில்லு, வாங்கிட்டு வாரேன்'னு போனாக. அப்ப மணி பன்னண்டு."

வெங்கடம்மாள் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஒரு மணி, ரெண்டு மணி. மழை பிடிச்சிருச்சு. பிள்ள மொட்டத் தலைல தண்ணி ஒழுகுது. என் முந்தானையும் நனைஞ்சு போச்சு, எத வச்சுத் துடைக்க? பூக்கடைக்காரம்மா ஒரு உரச் சாக்குக் குடுத்துச்சு, அதப் பிள்ளைக்குப் போத்தினேன். பால் வாங்கக் கையில ஒண்ணுமில்ல, பை அவுக தோள்ல. அஞ்சு மணி வரைக்கும் ஒவ்வொரு தடவ குடை வரும்போதும் இவுகதான்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். பெறகு ஒரு கண்டக்டர் பாவப்பட்டு ஏத்திட்டு வந்தாரு. பிள்ளைக்குப் பதினோரு நாள் காய்ச்சல்." வெங்கடம்மாள் கணவரைப் பார்த்தார். "சேவு சுடச்சுட இருந்துச்சுன்னு சொன்னீகளே, சந்தனம் எங்க?"

சென்னய்யாவுக்கு இது எழுபது எண்பது தடவை சொன்ன கதை. மிளகு எவ்வளவு என்று நினைவிருக்கிறது, மண் வாசம் நினைவிருக்கிறது. மனைவியையும் பிள்ளையையும் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்தது அவருக்கு நினைவே இல்லை. அது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அவரை எத்தனையோ தடவை மனதுக்குள் கேலி செய்திருக்கிறேன், அந்த ஒரு நிமிடம் மட்டும் முடியவில்லை.

வெங்கடம்மாள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு டீ ஊற்றத் தொடங்கினார். உறுதிமொழி எடுக்காமலே வகுப்பு கலைந்தது. ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். அவர்களில் மூன்று பேர் நேராக மதுக்கடைப் பக்கம்தான் போனார்கள். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத இது ஒன்றும் நோட்டீஸ் இல்லையே.

நானும் கீழே வந்து ஷட்டரைத் தூக்கினேன். சற்று நேரத்தில் சென்னய்யா தனியாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அவ அன்னைக்குக் கூட வந்திருந்தாளா?" என்றார்.

"என்கிட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும், அண்ணே?"

"இருவத்திரண்டு வருசம். ஒரு தடவகூடச் சொல்லலியேப்பா."

"நீங்க கேட்டீகளா?"

அவர் மேசை மேல் இருந்த அடுத்த மாத நோட்டீஸைப் பார்த்தார். 'மதுவை வென்றவர்' என்ற வரியை விரலால் மூடிக்கொண்டு, இதை எடுத்துவிடு என்றார். அதற்குப் பதில் என்ன போட என்றேன். ஒன்றும் போடவேண்டாம் என்றார்.

அப்போதுதான் சௌந்தர் படியிறங்கி வந்தான். பின்னால் காலி வாளியோடு பானுப்பிரியா. மணி பன்னிரண்டுக்கு ஐந்து. அருஞ்சுனை பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"ஏலே, ஏறு. கூட்டம் வந்துரும்."

சௌந்தர் பைக்கைப் பார்த்தான். பார்த்துக்கொண்டு நின்றது கொஞ்ச நேரமா, நிறைய நேரமா என்று என்னால் சொல்ல முடியாது. பானுப்பிரியா அவனைக் கூப்பிடவில்லை. ரோட்டைக் கடந்து எதிரே இருக்கும் டவுன் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நீ போ" என்றான் சௌந்தர். அருஞ்சுனை ஏதோ சொல்லிச் சிரித்தான், பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு போனான்.

சௌந்தர் ரோட்டைக் கடந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ரோடு சின்னது, தறிச் சத்தமும் இல்லாத நாள், அவன் கேட்டது எனக்கே கேட்டது.

"மாசி அமாவாசைக்கு நான் வாரதுக்கு ராத்திரி ஆச்சுல்ல? அதுவரைக்கும் நீயும் பிள்ளையும் எங்க இருந்தீக?"

அவள் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையைத் தூக்கவே இல்லை. பாளையம்பட்டி பஸ் வந்து நின்றது, கண்டக்டர் இரண்டு முறை விசிலடித்தான், இவர்கள் அசையவில்லை என்றதும் போய்விட்டது. அரைமணி நேரம் கழித்து அடுத்த பஸ்ஸும் வந்து போனது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.