அத்தையின் படம் போட்ட புட்டி

என் அத்தையின் முதுகை மெட்ராஸ் ராஜதானியே அறியும், முகம்தான் எங்கள் ஊர் மேனாம்பேட்டைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது என்று மாமா பெருமையடித்துக்கொள்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, அத்தை அவர் மனைவி. அவர் சொல்வதில் எப்போதும் முக்கால்வாசியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பூந்தமல்லியையும் திருவள்ளூரையும் தாண்டி அந்தப் புட்டி போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் போன இடத்துக்கெல்லாம் அத்தையும் போனாள் என்பது உண்மை. ‘மேகவல்லி கூந்தல் தைலம்’ என்ற லேபிளில், முழங்காலைத் தொடும் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, முக்கால் முதுகும் கால் கன்னமுமாக நின்றது அவள்தான்.

எங்களுடையது நெல் விளைத்துச் சாப்பிட்ட குடும்பம். மாமாவுக்குச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காது. பட்டணத்து மருந்துக் கடை ஒன்றில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஜனங்கள் மருந்தை வாங்குவதில்லை, டப்பாவின் மேலே இருக்கும் படத்தைத்தான் வாங்குகிறார்கள் என்ற ஞானத்தோடு ஊர் திரும்பினார். கொல்லை அடுப்பில் பெரிய கொப்பரையை ஏற்றி, தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணியைப் போட்டுக் காய்ச்சி, பட்டணத்து செண்டு நாலு சொட்டு விடுவார். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நல்லது செய்ததா என்று அத்தையின் முடியைப் பார்த்த பிறகு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அத்தை அந்தத் தைலத்தை ஒருநாள் கூடத் தலையில் வைத்ததில்லை. செண்டு வாசனை அவளுக்குத் தலைவலியைக் கொடுக்கும். தாளிக்கிற நல்லெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்துத் தேய்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவளுடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதே முடி, அவர்கள் மாமாவின் புட்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பிருந்தே.

சந்தை நாட்களில் மாட்டுவண்டியின் பின்பக்கத்தில் அத்தையை உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்து வெளியே தொங்கவிடச் சொல்வார் மாமா. எங்கள் பக்கத்தில் பெண்கள் நாலு பேர் பார்க்க முடியை அவிழ்த்துப் போடுவது சாவு விழுந்த வீட்டில்தான். அம்மாவுக்குத் தாங்கவில்லை. “இன்னாடா இது, எளவு ஊட்ல குந்தவச்ச மாதிரி பொண்டாட்டிய சந்தையில குந்தவச்சிகினு,” என்று தம்பியை வாய்விட்டே திட்டினாள். படத்தைப் பார்த்தால் ஜனங்கள் ஆசைப்படுவார்கள், ஆளைப் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று மாமா அக்காவுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தார்.

சந்தைக்கு வந்த பெண்கள், சவுரி வைத்துக் கட்டியிருக்கிறாளா என்று இழுத்துப் பார்ப்பார்கள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்துகொள்வாள். எனக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. இவள் எங்கள் அத்தைதான், தினமும் இதைத்தான் தேய்த்துக்கொள்கிறாள் என்று சாட்சி சொல்வது. கொஞ்சமும் கூசாமல் சொல்வேன். குழந்தை பொய் சொல்லாது என்று புட்டியை வாங்கிப் போவார்கள்.

எட்டாவது வயதில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பூந்தமல்லி வைத்தியர் வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கையை விரித்துவிட்டுப் போனாராம். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே கிணறு. பாதி நாள் நான் அவளிடம்தான் தூங்குவேன். அவள் கிணற்றடியில் நின்று, இந்தப் பிள்ளையைப் பிழைக்கவைத்துவிடு, என் முடியை முழுசாக எடுத்துக்கொள் என்று திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். யாருக்காக நேர்ந்தது என்பதை நிறைவேற்றும் முன் அவரிடமே சொல்லக்கூடாது என்பது அவள் நம்பிக்கை. அதனால் எனக்குச் சொல்லவில்லை. அம்மா எனக்கு இதைச் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. அத்தை உயிரோடு இல்லை.

நான் பிழைத்தேன். என் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு தானே முளைத்தது. காய்ச்சலில் கொட்டினால் முளைக்கத்தான் செய்யும். மாமா அதை விடுவாரா? மொட்டையான தலையில் மேகவல்லி முளைக்கவைத்த முடி என்று நோட்டீஸ் அடிக்கத் திட்டம் போட்டார். புது லேபிளில் அத்தையின் பக்கத்தில் நானும் நிற்கப்போகிறேன், நான் சின்னப் பெண் என்பதால் என் படத்தில் முகமும் தெரியும் என்றார். படக்காரர் வந்து பென்சிலால் வரைந்துகொண்டும் போய்விட்டார். அந்த நாட்களில் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

அத்தை திருத்தணிக்குப் போகவேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் மாமா தள்ளிப்போட்டார். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றார், பொங்கல் முடியட்டும் என்றார். பிறகு, பொம்பளைகள் மூன்று விரல்கடை முடி வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும், முருகன் கோபிக்கமாட்டார் என்றார். மாமா கெட்டவர் இல்லை. அத்தையின் மேல் அவருக்கு உயிர். ஆனால் மொட்டைத் தலையோடு ஒருத்தி நிற்கும்போது யார் அவரிடம் கூந்தல் தைலம் வாங்குவார்கள்? முழுசாகத் தருவதாகத்தான் நேர்ந்துகொண்டேன் என்று அத்தை ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள்.

தை மாதத்தில் ஒரு காலை, மாமா விறகு விலை பேசக் கள்ளிக்குப்பம் போயிருந்தார். அத்தை எனக்குப் பாவாடை சட்டை மாட்டிவிட்டு, ஒரு துணி மூட்டையோடு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். பஞ்சாமிர்தம் தின்னலாம் என்றாள். டிக்கெட் வாங்கி நடைமேடையில் உட்கார்ந்த பிறகு, எதற்குப் போகிறோம் என்று கேட்டேன். மொட்டை போட என்றாள். முடி போய்விட்டால் புதுப்படத்தில் என்ன வைப்பார்கள் என்று பயத்தோடு கேட்டேன்.

“பழைய படத்துல கீதுல்ல, அது போதும்,” என்றாள் அத்தை. அவள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு மொட்டை என்றால் புது லேபிள் வராது, என் முகமும் வராது. அவள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போன சமயம் பார்த்து மாமாவிடம் சொல்ல ஓடினேன். ஏரிக்கரையில் மாமா சைக்கிளில் எதிரே வந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். என்னை முன்கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு மிதித்தார். பாதி வழியில் ரயில் கூவிவிட்டுப் போவது கேட்டது. மாமா பெடலை விட்டுக் காலை ஊன்றி நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஸ்டேஷனில் அத்தை இருந்தாள். நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்துகொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. “எங்கடி பூட்ட? வண்டி வந்துச்சி, நீ இல்லியே, எப்டி ஏறுவேன்?” என்றாள். அப்புறம்தான் பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தாள். யார் போய்ச் சொன்னது என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவும் கோபிக்கவில்லை, மூட்டையை வாங்கிக்கொண்டு மெதுவாக முன்னால் நடந்தார்.

அடுத்த மாதம் மாமாவே எங்களைத் திருத்தணிக்கு அழைத்துப்போனார். அத்தைக்கு மூன்று விரல்கடை வெட்டினார்கள். மாமா மலைப்படியில் நின்று நோட்டீஸ் கொடுத்தார். புது லேபிள் வந்தது, நானும் இருந்தேன். ஒரு காலி புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் முழுவதும் காட்டித் திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிறகு யுத்தம் வந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை, புட்டி கிடைக்கவில்லை. குண்டு விழும் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊர் வழியாக ஓடியபோது யாருக்குக் கூந்தல் தைலம் வேண்டும்? கொப்பரையைக் கவிழ்த்துவிட்டு, மாமா ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, இனிமேல் என்ன, திருத்தணிக்குப் போய் உன் இஷ்டப்படி முழுசாகக் கொடுத்துவிட்டு வா என்று அத்தையிடம் சொன்னார். மனசார, அவளுக்குப் பெரிய வரம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார்.

அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“அன்னிக்கி குட்த்திருந்தா காணிக்க. இன்னிக்கி குட்த்தா வெலபோவாத சரக்கு. அத எப்டிய்யா சாமிக்கு குடுக்கறது?”

எனக்கு அப்போது பதினொரு வயது. அத்தை தைல வியாபாரத்தைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்காமல் கால் கழுவிய செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என் கழுத்திலும் நெற்றியிலும் வைத்து உடம்பு சுடுகிறதா என்று பார்த்தாள். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாய் என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு விளையாட ஓடினேன்.