விதைக்கச் சொன்ன அமைச்சர்

என் தாய்மாமன் நீர்வளத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து அமைச்சரானபோது ஊரில் ஒரு பேச்சு ஓடியது. "நல்லதாப் போச்சு. தண்ணி வரலைன்னாலும் கரண்ட்டு வரலைன்னாலும் இனிமே ஒரே ஆளைத் திட்டினாப் போதும்." மாமாவே மேடைகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிய செம்புக் கம்பியின் வாடை அவர் சட்டையை விட்டுப் போகப் பல வருடம் ஆனது. சரிசெய்த மோட்டாரைச் சும்மா கொடுத்தனுப்ப மாட்டார். கிணற்றடிக்கே போய் மாட்டி, ஓடவிட்டு, குழாயில் தண்ணீர் விழுந்த பிறகுதான் கையைத் துடைப்பார். அந்தப் பழக்கம்தான் அவரைச் சட்டமன்றத்துக்கும், பிறகு அந்தப் பெரிய மேசைக்கும் கொண்டுபோனது. "வீட்ல மொதல் பட்டதாரி இவன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். எனக்கோ அவர் மருமகன் என்பதே பெருமை.

அப்படிப்பட்டவர் ஓட்டிப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தது ஒரே ஒருமுறைதான்.

எங்கள் ஊர் கால்வாயின் கடைசியில் இருக்கிறது. அங்கே நடந்த கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றாள். "தம்பி, இந்த வருசம் விதைக்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையாச் சொல்லு."

மலையில் அப்போது நல்ல மழை. எல்லோர் முன்னிலையிலும் அக்கா கேட்டுவிட்டாள். "விதை அக்கா!" என்றார் மாமா. ஒரே கைதட்டல். அந்த வாரமே ஊர் முழுக்க நாற்றங்கால் போட்டுவிட்டார்கள்.

மழை அத்தோடு நின்றது. கால்வாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டுவர அம்மா என்னை அனுப்பினாள். நான் போனபோது மாமாவின் அறையில் தலைமைப் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார்.

அணையிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டே வழி. ஒன்று எங்கள் கால்வாய். மற்றது மலையைக் குடைந்த சுரங்கம். அதில் போகும் தண்ணீர் மின்நிலையத்தை ஓட்டிவிட்டு அந்தப் பக்கமாகக் கடலுக்குப் போய்விடும்.

"ரெண்டுக்கும் பத்தாது சார். கால்வாயைத் திறந்தா மின்நிலையம் நின்னுடும். நகரத்துக்குக் குடிதண்ணி ஏத்துற பம்பு, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கரண்ட்டுலதான் ஓடுது."

"இதை அன்னிக்கு மேடையிலயே ஏன்யா சொல்லல?"

"நீங்க என்கிட்ட கேக்கல சார். உங்க அக்காதான் உங்ககிட்ட கேட்டாங்க."

மாமா அணையின் நீர்க்கணக்கை வாங்கி ஒருமுறை பார்த்தார். பிறகு, கால்வாய் மூடியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். "சேதி வெளிய போறதுக்குள்ள அக்காகிட்ட நான் சொல்லணும்" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

அம்மா கேட்டுவிட்டு அழவில்லை. "உன்னை நம்பியா ஊரு விதைச்சுது? பாதிப் பேரு என்னைப் பாத்து விதைச்சாங்க. நான் உன்னைப் பாத்தேன்."

"அதிகாரிங்க வந்து எடுத்துச் சொல்லுவாங்கக்கா."

"விதைக்கச் சொன்னது அதிகாரியா? எந்திரி. வீடு வீடா வந்து உன் வாயால சொல்லு."

அம்மா முன்னால் நடந்தாள். முதல் வீட்டில் நாற்காலி போட்டார்கள்; விஷயம் தெரிந்ததும் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் மாமாவின் பழைய வாடிக்கையாளர். வீட்டை ஒட்டிய நாற்றங்கால் மஞ்சளாகிக் கிடந்தது.

"கால்வாய்ப் பேச்சை விடுங்கண்ணே. இந்த மோட்டாரையாவது ஓட வெச்சிட்டுப் போங்க. காலையிலேருந்து வெறும் காத்துதான் வருது."

மாமா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் கிணற்றடியில் குந்தினார். சுவிட்சைப் போட்டு மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். அணைத்துவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் கை துடைக்கத் துணியை நீட்டினார். மாமா வாங்கவில்லை.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. கீழ தண்ணிதான் இல்ல."

"அது எனக்கும் தெரியும்ணே. நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான்."

அம்மா அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

"வா, அடுத்த வீடு இருக்கு."