வழி கேட்டு வந்தவர்கள்

விளாத்திகுளம் சாலையில் டயர் பஞ்சராகி எங்கள் பஸ் நிற்கிறது. டிரைவரின் டிரான்சிஸ்டரில் இலங்கைச் சண்டைச் செய்தி. ஜெயிக்க வைப்பது துப்பாக்கியா, ஆள்பலமா என்று பயணிகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் சோளக்கதிர் பரப்பிக்கொண்டிருக்கும் பெண், வவுனியாவில் வயல்வேலை பார்த்தவராம். சண்டை முற்றியதும் ஊர் திரும்பிவிட்டாராம். எனக்கு ஆவல் தாங்கவில்லை, ஜெயிக்க வைப்பது எது என்று அவரிடமே கேட்கிறேன்.

"அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு பக்கத்து ஆளுகளும் வந்து எங்ககிட்ட வழிதான் கேட்டாவ."

"யாருக்குச் சொன்னீங்க?"

"ரெண்டு பேருக்கும் சொன்னோம். இவியள வடக்க அனுப்புனோம், அவியள தெக்க அனுப்புனோம்."

"அப்ப யாருதான் ஜெயிச்சா?"

கதிரைக் காலால் தள்ளிவிட்டு நிமிர்கிறார்.

"அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு சாவு விழல."