சரோஜா அக்கா கொட்டிய பால்

சரோஜா அக்கா போய்விட்டார்கள் என்று நேற்றுக் காலை வடக்கனந்தலிலிருந்து போன் வந்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே குடியிருந்தபோது எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். உறவில்லை. ஆனால் என் மகள் இன்று உயிரோடு இருப்பது அவர்களால்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கள்ளக்குறிச்சி சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பால்காரர் இல்லை. பட்டப்பகலில் ஊர் மயானமாட்டம் கிடந்தது. மகள் அப்போது கைக்குழந்தை. எனக்கோ தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. காலையில் கிடைத்த கொஞ்சம் பாலைக் காய்ச்சி, எங்கள் வீட்டு வழக்கப்படி அடுப்புச் சாம்பல் சூட்டிலேயே வைத்து, குழந்தை அழும்போதெல்லாம் அதிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்த அக்கா சட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் கொல்லையில் கொட்டிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“இன்னாக்கா இது? இருந்ததே அதுதான். புள்ளைக்கு இன்னாத்தக் குடுப்பேன்?”

“நானும் இப்டித்தான் சாம்பல்ல வெச்சிக்கினு எம் புள்ளைக்குக் குடுத்தேன். வெதுவெதுன்னு கெடந்தா பாலு கெட்டுப்பூடும்டி. வயித்தால போயே அடங்கிட்டான்.”

அவர்களுக்குப் பிள்ளை இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

வெட்டுப்பட்டுக் கிடந்த மரங்களைத் தாண்டி மலையடிவாரம் வரை நடந்துபோய்ப் பால் வாங்கிவந்தார்கள். காய்ச்சி ஆற வைத்தார்கள். அடுத்த வேளைக்கு, வேண்டியதை மட்டும் பாட்டிலில் ஊற்றி, சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். “சூடே தெரியக் கூடாது. குடிச்சது போக மிச்சத்தக் கொட்டிடு, திரும்பச் சூடு பண்ணாத” என்றார்கள்.

மகள் குடித்துவிட்டுத் தூங்கினாள். அப்போதுதான் கேட்டது. பூட்டிக்கிடந்த அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பச்சைக்குழந்தையின் அழுகை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அக்கா நிமிரக்கூட இல்லை.

“உனக்கும் கேக்குதா? பால் வாசன வந்தா அழுவான். தூக்கிக்கலாம்னு கதவத் தொறந்தா நின்னுபூடும்.”

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று அவர்களை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களின் டீக்காகப் பக்கத்து வீட்டில், எங்கள் பழைய வீட்டில்தான், பால் காய்ச்சினார்கள். வாசனை கூடம் வரை வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சத்தமும் இல்லை.

போய்ட்டு வாங்கக்கா. புள்ளையத் தூக்கிக்கினீங்கன்னு தெரிஞ்சிபோச்சு.